எடை கூடும் புட்டி

அன்புத் தங்கை பி-யூனுக்கு, சின்சுவிலிருந்து அண்ணன் லியாவ் எழுதுவது. நானும் என் முழங்கால் வலியும் இங்கே சுகம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன வாரம் தொலைபேசியில் கேட்டாயே: "என் பொண்ணு வேலை செய்யுற எடத்துல பேய் இருக்கா இல்லையாண்ணா? ஒரே வார்த்தையில சொல்லு." முப்பத்தைந்து வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரே வார்த்தை வராது. பொறுமையாகப் படி.

உன் மகள் யுன்-ருங் ஆய்வில் பயன்படுத்துவது ஒரு வெள்ளைத் தூள். அமினோ அமிலம் ஒன்றின் ஒரு நுனியை மாற்றிச் செய்தது. சேமிப்பறைக் குளிர்பெட்டியில் இருக்கும். தினம் ஒரு சிட்டிகை எடுப்பாள். எடுக்க எடுக்கப் புட்டி குறைய வேண்டும் அல்லவா? வாரக் கடைசியில் நிறுத்தால் ஒரு கிராம் கூடியிருக்கிறது! தூளின் மேற்பரப்பு, யாரோ விரலால் அழுத்தியதுபோல் கட்டியாகி ஈரமாக இருக்கிறது. அவள் எதையோ கலக்கிறாள் என்று பேராசிரியர் சூ முடிவு கட்டி, வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல், இல்லையென்றால் ஆய்வை விட்டுப் போ என்றுவிட்டார். பிள்ளை மூன்று நாள் சாப்பிடவில்லை. சேமிப்பறையைப் பார்த்துக்கொண்ட பெங் இந்த வசந்தத்தில் இறந்ததும், அந்தச் சாவி என்னிடம் வந்ததும் உனக்குத் தெரியும். மாணவர்கள் பழியை அவர் ஆவிமேல் போட்டார்கள்.

"ஏழாம் மாசம் மாமா, செத்தவங்க உலகத்துக் கதவு திறந்திருக்கு" என்றாள் யுன்-ருங்.

"உயிரோட இருந்தப்ப ஒரு சிட்டிகை தர மாட்டாரு. செத்தப்புறம் கொண்டாந்து கொட்டுறாராக்கும்!" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

சிரித்தார்கள். ஆனால் யாரும் தனியாக அந்த அறைக்குள் போகவில்லை. வாசலில் பிஸ்கட், பீர், நூடுல்ஸ் படைத்தார்கள். தீ எச்சரிக்கை மணி அடிக்குமே என்று பேட்டரியில் எரியும் ஊதுபத்தி!

நான் கேட்டேன்: "புட்டிய எடுத்ததும் என்னம்மா பண்ணுவ?"

"உடனே திறப்பேன். நேரம் ஏது மாமா?"

புரிந்துவிட்டது. குளிர்ந்த சோயாப்பால் பாட்டிலை வெளியே வைத்தால் வியர்க்கும். குளிர்ந்த புட்டியைத் திறந்தால் அந்த வியர்வை உள்ளேயும் இறங்கும். தண்ணீரைக் கண்டால் விடாத தூள் இது, காற்றிலிருந்தே குடிக்கும். மூடியபடி ஒரு மணி நேரம் வெளியே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்தபின் திறக்கச் சொன்னேன். எடுத்ததும் இறுக மூடி, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவுக்குள் வைத்தாள். நான்கு நாளும், எடுத்த சிட்டிகை அளவுக்குச் சரியாக எடை குறைந்தது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ ரெண்டு மாசமா நான் தண்ணியையா சந்தேகப்பட்டேன்?"

ஈரமான புட்டியைக் கழித்துவிட்டு அவளுக்குப் புதியது கொடுத்தாயிற்று. அவள் இடம் பத்திரம். பேய் இல்லை. நிம்மதியாக இரு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் வீடு என்றும் நிறைந்திருக்கட்டும்.

உன் அண்ணன்,
லியாவ்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், புதுப் புட்டியை வெளியே வைக்கலாம் என்று காலையில் போனேன். அறை பூட்டித்தான் இருந்தது. ஒரே சாவி, அது என் சட்டைப்பையில். புட்டி குளிர்பெட்டியில் இல்லை. மேசை நடுவே, மூடி திறக்காமல் நின்றது. தொட்டேன். ஈரமில்லை, குளிர்ச்சியில்லை. ஒரு மணி நேரம் முன்பே யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். யுன்-ருங்கிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. நாளைக் காலை நீயும் அதேபோல் உன் ஊறுகாய்ச் சாடியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வை. வியர்வை முழுக்கக் காயும்வரை மூடியில் கை வைக்காதே.