தேன் துறையின் பதிலுக்குக் காத்திருந்த கணினி

ஒரு காட்டில் ஏரி மதகைத் திறந்து மூடும் வேலையை ஒரு கணினி பார்த்துவந்தது. மற்றத் துறைகளின் நிரல்களும் அதில்தான் ஓடின. அந்தக் கணினியைப் பார்த்துக்கொண்டது கோசலை என்ற எறும்புதின்னி அழுங்கு.

யாராவது வயரைப் பிடுங்கி அணைத்தால், பாதி எழுதிய பதிவெல்லாம் பாழாகிவிடும். அதனால் மற்ற நிரல்களையெல்லாம் கட்டி மேய்க்கும் கெர்னலில் கோசலை ஒரு முறை வகுத்தது. அணைக்கும் முன்போ மறுதொடக்கத்துக்கு முன்போ, கெர்னல் ஒவ்வொரு நிரலிடமும் சொல்லும். நிரல் கைவேலையை முடித்துவிட்டு "சரி" என்று பதில் தர வேண்டும். பத்து நொடியில் பதில் வராவிட்டால் கெர்னல் காத்திராது.

இந்த முறைக்கு ஒப்புதல் தர சிங்கராஜா சபையைக் கூட்டியது. தேன் துறைத் தலைவரான கரடி பலவேசம் எழுந்தது.

"பத்து நொடியா? கேட்காம அணைச்சா என் துறைக்கு என்னம்மா மரியாதை?"

"மரியாதைக்குத்தான் சார் பத்து நொடி. உங்க நிரல் உறைஞ்சு நின்னுட்டா பதிலே வராதே?"

"என் நிரல் உறையாது. யோசிக்கும்."

சபை கைதட்டியது. "எல்லோரும் சரி சொன்ன பிறகே அணைய வேண்டும். இது ஜனநாயகக் காடு" என்றது பரம்பரைச் சிங்கம். கோசலை பத்து நொடிக் கெடுவை நீக்கியது. வேலை போனால் குட்டிக்கு எறும்பு யார் கொண்டுவருவார்கள்?

ஐப்பசி மழையில் ஏரி தளும்பியது. மதகு நிரல் குழம்பிப்போய், திறக்கச் சொன்னால் மூடியது. மறுதொடக்கம் செய்தால் தீரும். கோசலை கட்டளை கொடுத்தது. மதகு நிரல் உட்பட எல்லாமே "சரி" என்றன. தேன் நிரல் மட்டும் யோசித்தது.

கோசலை கரடியிடம் ஓடியது. "சார், தண்ணி என் வளைக்கிட்ட வந்துடுச்சு. உள்ள குட்டி இருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"எழுத்துல குடும்மா. மூணு பிரதி."

கோசலை திரும்பி ஓடியது. எதைத் தடுக்க மூன்று மாதம் உழைத்ததோ, அதையே செய்தது. வயரைப் பிடுங்கி, மறுபடி செருகியது. கணினி எழுந்தது. மதகு திறந்தது. வெள்ளம் வடிந்தபோது குட்டி நனைந்த பந்தாகச் சுருண்டு, உயிரோடு கிடந்தது. தேன் துறையில் ஒரு வரி அழிந்திருந்தது.

விசாரணை நடந்தது. "மதகு திறந்ததே, யாருடைய சம்மதத்தோடு?" என்று கேட்டது சிங்கம். கோசலைக்கு வேலை போயிற்று. பலவேசத்துக்கு நிதான விருதும், கூடவே கெர்னல் பொறுப்பும் கிடைத்தன. இனி யாரும் பிடுங்காதபடி அது வயரைச் சுவருக்குள் வைத்துப் பூசச் செய்தது.

கோசலை அன்றைக்கே குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு மலையுச்சிக்குக் குடிபோனது.

நீதி: உரிய அனுமதிக்குக் காத்திருந்து மூழ்குகிறவர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் உண்டு. நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.