வெங்காய வாடை அடித்த ஜீப்

ஜீப்புக்குப் பெயின்ட் அடித்து முடிக்கும்வரை வீட்டு வேலை எதையும் கையால் தொடுவதில்லை என்று கணக்கு வாத்தியார் சபதம் செய்தார்.

அவர் மனைவி அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்போ சமையலறை இரும்பு அலமாரிக் கதவு?" என்றாள்.

"அதுக்கென்ன?"

"துருப்பிடிச்சு உதிருதுங்க. சுரண்டிப் பெயின்ட் அடிச்சுத் தரேன்னு சொல்லி வருஷம் ஒண்ணாச்சு."

"ஒரு சமயத்துல ஒரு வேலைதான்!"

அந்த ஜீப் ஜீப்பாக வரவில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து தகடு தகடாக வந்து கொட்டகையில் குவிந்திருந்தது. பாதிக்குமேல் வெறும் சப்பைத் தகடு. எல்லாம் துரு. எது எங்கே வரும் என்று வாத்தியாருக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் அவருக்கு வாய் வராது.

அலமாரிப் பேச்சு வருமே என்று பயந்து, சமையலறைப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. காபிகூடக் கொட்டகைக்கே வந்தது.

பழைய பெயின்டைச் சுரண்டினார். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தார். பள்ளங்களில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் இழைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். கண் கோட்டைவிடும் மேடுபள்ளம் கைக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் காபி கொண்டுவந்த மனைவி அங்கேயே நின்றாள்.

"ஏங்க, இந்தத் தகடு ரெண்டும் ஏன் இப்படிப் பிசுபிசுங்குது?"

"எஞ்சின் ஆயில்! காடு மேடெல்லாம் ஏறி இறங்கின வண்டி இல்லையா?" தின்னர் துணியை எடுக்குமுன் குனிந்து முகர்ந்தார். "வெங்காய வாடை அடிக்குதே!"

"அப்படியா?"

"வேட்டைக்குப் போனவன் வண்டியிலேயே சமைச்சிருப்பான்."

"அடேயப்பா, என்ன மூக்குங்க உங்களுக்கு!"

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இரண்டு தகடுகளையும் கூடுதல் அக்கறையோடு இழைத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு துளைகள் இருந்தன. அடைக்கப் பட்டியை எடுத்தார்.

"ஐயோ, அதை அடைச்சிடாதீங்க!"

"ஏன்?"

மனைவி ஒரு நொடி திணறினாள். "கம்பெனிக்காரன் காரணமில்லாமலா ஓட்டை போட்டிருப்பான்?"

"கண்ணாடி மாட்டத்தான்" என்றார் வாத்தியார், பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் போல. "பரவாயில்லையே, நீயும் தேறிட்டியே!"

"எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதாங்க."

சாம்பல் நிற பிரைமரும் பூசியாயிற்று. பெயின்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை பொருத்திப் பார்ப்பதுதான் முறை. முடுக்கி முடித்தார். ஜீப் எழுந்து நின்றது. கதவு, பானட், பின்பலகை, ஒன்றும் குறையவில்லை.

இரண்டு தகடு மிச்சம்.

இந்தப் பக்கம் வைத்தார். அந்தப் பக்கம் வைத்தார். தலைகீழாகவும் வைத்துப் பார்த்தார். கணக்கு வாத்தியாருக்கே கணக்கு உதைத்தது.

"ஏம்மா! இது ரெண்டும் எங்கே வருதுன்னே தெரியலையே!"

தெரியாது என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

மனைவி ஸ்க்ரூ டிரைவரோடு வந்தாள். இன்னொரு கையில் இரண்டு கைப்பிடிகள். ஒன்றைத் துளைகளின்மேல் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"சமையலறையில வருதுங்க."

வாத்தியார் கைப்பிடியையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்லக் குரல் வந்தது. "அப்போ என் சபதம்?"

"அதுக்கென்ன, பத்திரமா இருக்கு. வீட்டு வேலைன்னு தெரிஞ்சா நீங்க தொட்டீங்க?"

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஜீப்புக்கு உங்க இஷ்டப்படி பச்சையே அடிங்க. இது ரெண்டுக்கும் க்ரீம் கலர்."