பருத்தித்துறை வடையும் என் முகமும்

வெள்ளவத்தை,
14.09.1998

அன்புக்குரிய மச்சான் நாகேந்திரத்துக்கு,

இங்கு நானும் உமது அக்கா சரோஜினிதேவியும் கந்தன் கிருபையால் உயிரோடும், நான் மட்டும் அரை வயிற்றோடும் இருக்கிறோம். அங்கு நீரும் பிள்ளைகளும் முழு வயிற்றோடு இருக்க வேண்டுகிறேன்.

நிற்க, ஊரிலிருந்து கப்பலில் வருகிறவர்களிடம் இனிமேல் பருத்தித்துறை வடை கொடுத்தனுப்ப வேண்டாம். கோபிக்காமல் முழுக் கதையையும் கேளும்.

அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த முப்பது வருஷமும் பின்னேரம் ஒரு பிளேன்ரீயோடு நிறுத்தினவன் நான். பென்சன் எடுத்து, இடம்பெயர்ந்து, கொழும்புக்கு வந்த பிறகு நாலு மணிக்குச் செய்ய வேறு வேலை இல்லை. நாலுக்கு ரோல்ஸ், நாலரைக்குப் பற்றிஸ், டொக்டர் நடக்கச் சொன்னபடியால் ஐந்துக்குக் கடற்கரையில் கடலை, நடந்த களைப்புக்கு உளுந்து வடை. அதை உம்மட அக்கா கண்டுபிடித்து நிற்பாட்ட, எனக்குப் பக்தி வந்தது. ஒரு பின்னேரத்தில் மூன்று கோயில். சுண்டல், மோதகம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் பிரசாதம், வேண்டாமென்றால் சாமிக்குற்றம். இரண்டு வருஷத்தில் என் சேட்டெல்லாம் தலையணை உறை ஆகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் ஜூன் மாசம் கப்பலில் கொட்டாஞ்சேனைக்கு வந்த ஒருவரிடம் உம்முடைய பொதி வந்தது. நாற்பது தட்டை வடை. அக்கா கண்டால் பூட்டிவைப்பா என்று அத்தனையையும் சேட்டுக்குள் விட்டுக்கொண்டு வந்தேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் காவலில் நின்ற நாலு ஆமிக்காரரில் ஒருவன் மறித்து, "வெட கொஹெத?" என்றான். எங்கே வேலை என்று அவன் சிங்களத்தில் கேட்டிருக்கிறான். என் காதில் விழுந்ததோ 'வடை எங்கே'. அக்கா இங்கேயும் சொல்லிவைத்துவிட்டா என்று சப்த நாடியும் ஒடுங்கிப்போச்சு. "மஹத்தயா, நாற்பதுதான்" என்று சேட்டுக்குள் கையை விட்டேன். உடனே நாலு துவக்கும் என் பக்கம் திரும்பின. கையை மெல்ல எடுத்தேன், வடை வந்தது. ஒருவன் மணந்து பார்த்தான், கடித்தான், "ஷா!" என்றான். தின்றுகொண்டே என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "மே ஒயாகே மல்லித?" என்றான். படத்தில் இருப்பது என் தம்பியாம்!

அது கொடிகாமத்தில் அகதியாக ஆறு மாசம் கஞ்சி குடித்துவிட்டு வந்து எடுத்த படம், மச்சான். கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் குழி. ஆள் மாறாட்டம் என்று பொலிசில் கொண்டுபோய் இருத்தினார்கள். உம்மட அக்காவைக் கூப்பிட்டு, இவர் உன் புருஷனா என்று கேட்க, அவ அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ஓம் ஐயா, ஆனா நான் கட்டினது இந்தப் படத்தில இருக்கிறவரைத்தான்" என்றா. மொழிபெயர்த்த கொன்ஸ்டபிள் பிற்பாதியை மட்டும் மொழிபெயர்த்தார். அதனால் மேலும் இரண்டு மணித்தியாலம். இப்போது சிரிக்க எழுதுகிறேன், அங்கே இருந்தபோது கந்தசஷ்டி கவசத்தை மூன்று தரம் சொல்லி முடித்தேன்.

அன்றிலிருந்து படத்தில் இருக்கிற ஆளாக மாறுவதே என் உத்தியோகம். நாலு மணிக்கு வெந்நீர், ஐந்து மணிக்கு அதே வெந்நீர் ஆறினது. பற்றிஸ் கடையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்து இரண்டு தரம் தந்திக்கம்பத்தில் மோதினேன். மூன்று மாசத்தில் குழி திரும்பி வந்துவிட்டது. நேற்று ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "ஹரி, யன்ன" என்று விட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆகையால் தயவுசெய்து வடை அனுப்பி என்னை மறுபடி உள்ளே போட்டுவிடாதேயும்.

மாமிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ, எனக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
படத்தில் உள்ளவனாகிய உமது அத்தான்,
வரதராசா

பி.கு: கடிதத்தை ஒட்டும் நேரம் எங்கள் பகுதி அரசாங்க விதானையார் வந்து, புது அடையாள அட்டை ஒன்றைத் தந்து பழையதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று பொலிசிலிருந்து வரும் வழியில் உம்மட அக்கா என்னை ஒரு ஸ்ரூடியோவில் இருத்திப் படம் எடுப்பித்தவ. பென்சன் அலுவல் என்று சொல்லிப் புது அட்டை விண்ணப்பத்தில் கையெழுத்தும் வாங்கினவ. பொலிசில் ஒரு நல்ல மனுசன் தந்த, சீனி தூவின நீட்டுப் பன்னான கிம்புலா பணிசை அப்போதுதான் வாய்க்குள் போட்டிருந்தேன், கன்னத்துக்குப் பாதியாக. புது அட்டைப் படத்திலும் இரண்டு கன்னமும் அப்படியே உப்பி இருக்கிறது. இனி அரசாங்கத்துக்கு நான் அந்த ஆள்தான். நாற்பது காணாது மச்சான், நானூறு அனுப்பும். அக்கா இப்போது ஒரு தட்டு வடை சுட்டு வைத்துவிட்டு, அட்டையை என் முகத்தோடு பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. இடப் பக்கம் இன்னும் காணாதாம்.