அமைதி எலிகள்

உலக அமைதிக்காகப் பாடுபட்ட பெரியோர்களின் வரிசையில் கலாநிதி பாலேந்திரனுக்கு ஓர் இடம் ஒதுக்காதது சரித்திரத்தின் மாபெரும் தவறு. எண்பத்து மூன்று ஆடியில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தி இலங்கை நாடே எரிந்தபோது, கண்டிக்கு வெளியே ஓர் ஆய்வுகூடத்தின் பின்னறையில் அவர் தனியொருவராக அமைதியைக் கட்டிக் காத்தார். எலிகளுக்காக.

ஆராய்ச்சி மகத்தானது. பயந்தால் மூளையின் அடியிலுள்ள நரம்புக் கலங்கள் துடிக்கும். அவை துடிக்கத் துடிக்க, பய ஓமோனைச் சுரக்க வைக்கும் பரம்பரையலகு, அதாவது ஜீன், கூடுதலாக வேலை செய்யும். இதை நிரூபிக்க ஒரு கூட்டம் எலிகளை அவர் தினமும் பயமுறுத்தினார். மறு கூட்டத்துக்கு 'அமைதி எலிகள்' என்று பெயரிட்டுச் சீராட்டினார். பயந்த மனிதனின் வியர்வை மணமே அவற்றைக் கெடுத்துவிடுமாம். ஆகவே அமைதி அறை வாசலில் நாடி பார்த்துத்தான் எவரையும் உள்ளே விடுவார்.

எலிகளுக்குத் தீனி வைக்கும் கறுப்பையா அன்று மத்தியானம் மனைவியையும் மகளையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா, கலஹா ரோட்டுல எங்க வீட்டப் பத்த வச்சிட்டாங்க. இந்த ரூமுக்குத்தான் இரும்புக் கதவு இருக்கு. கொஞ்சம் உள்ள இருந்துக்கிறோங்க."

பாலேந்திரனின் மனம் இளகத்தான் செய்தது. ஆனாலும் விதி விதிதான். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சரியான படபடப்பு. ஏன் பிள்ளை இப்பிடிப் பயப்பிடுறாய்?"

"வெட்ட வாராங்க சேர்."

"எனக்கு விளங்குது. எலிக்கு விளங்காதே."

"எலியெல்லாம் உள்ள, நாங்க வெளியவா?" என்றாள் தாய்.

"பயம் தெளிஞ்ச பிறகு வாங்கோ அம்மா. ஒரு தடையும் இல்லை."

மூவரும் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி மறைந்தார்கள். பாலேந்திரன் தம் விடுதிக்குப் போய்த் தேநீர் குடித்தார். இது தோட்டத்து ஆக்களின் பிரச்சினை. வாசல் பலகையில் 'கலாநிதி' என்ற பட்டம் இருப்பதைக் கண்டால் எந்தக் கும்பலும் மரியாதையாக ஒதுங்கிவிடும் என்பது அவருடைய கணிப்பு.

கும்பல் பலகையை வாசித்தது. பட்டத்தோடு நிற்காமல் பெயரையும் வாசித்துவிட்டது.

பின்கதவால் ஓடிய பாலேந்திரனுக்குத் தம் நாடியைப் பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை. அமைதி அறைக்குள் புகுந்து இரும்புக் கதவைத் தாழிட்டு, கூண்டுகளுக்கிடையில் குந்திக்கொண்டார். வெளியே கூச்சல் எழுந்தபோதெல்லாம் கூண்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். எலிகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஊரடங்கு தளர்ந்ததும் இரு கூட்டத்து எலிகளின் மூளைகளையும் சீவிப் பார்த்தார். விஞ்ஞானமே திகைத்தது! பயமுறுத்தப்பட்ட எலிகளைவிட அமைதி எலிகளில்தான் அந்தப் பரம்பரையலகு மும்முரமாக வேலை செய்திருந்தது.

திரும்பி வந்து கூண்டு கழுவிக்கொண்டிருந்த கறுப்பையா கேட்டார்:

"அமைதி எலி எதுக்குங்கய்யா பயந்துச்சு?"

பாலேந்திரன் ஆழ்ந்து யோசித்தார்.

"காரணமே இல்லை. உங்கட மலைநாட்டு எலியளுக்குப் பயம் பரம்பரையில ஊறினது."

"எம் மகளுக்கும் அதுதாங்களா? அன்னையிலருந்து பேச்சே வரல."

"இருக்கலாம்" என்றார் கலாநிதி, தலை நிமிராமல் எழுதிக்கொண்டே.

அந்தக் கண்டுபிடிப்பே கட்டுரையாயிற்று. 'பயந்த உயிர் எதுவும் அமைதி அறைக்குள் அனுமதிக்கப்படவில்லை' என்று அதன் முதற்பந்தி உறுதி கூறியது. உண்மைதான், அந்தப் பிள்ளை அனுமதிக்கப்படவில்லை. அந்த உறுதிமொழிக்குக் கீழே, கூண்டுக்கு வெளியே இருந்த எலி அழகாகக் கையெழுத்திட்டிருந்தது.