மாமனாரின் கம்ப்யூட்டருக்கு நான் வேகம் கொடுத்த கதை

மாமனார் வீட்டில் ஒரு புது மாப்பிள்ளை சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "இதெல்லாம் எனக்கு அத்துப்படி." கல்யாணமான மூன்றாவது வாரமே நான் அதைச் சொன்னேன்.

எனக்குத் திருத்தணி. தினமும் மின்சார ரயிலேறி, சென்னையில் ஓர் அலுவலகத்தில் விவரங்களைத் தட்டச்சு செய்துவிட்டு வருகிறவன். (தரகர் இதைத்தான் 'கம்ப்யூட்டர்ல பெரிய வேலை' என்று சொல்லியிருந்தார். நானும் மறுக்கவில்லை.) மாமனாருக்குப் பொதட்டூர்பேட்டை. வீட்டிலேயே நான்கு விசைத்தறிகள், லுங்கி நெசவு. கட்டமும் கோடும் கலரும் எப்படி வரவேண்டும் என்று ஒரு பழைய கம்ப்யூட்டரில் அவரே டிசைன் போடுவார்.

அதன் சுவிட்சைத் தட்டிவிட்டு, எங்கள் ஊர் மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி, முருகனைக் கும்பிட்டு இறங்கினால், அப்போதுதான் அது கண் விழித்திருக்கும். மாமனார் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் குளிக்கவே போவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை விருந்து. சாப்பிட்டு முடித்ததும் மாமனார் கவலையோடு ஆரம்பித்தார். மறுநாள் காலை ஆந்திரப் பக்கம் நகரியிலிருந்து ஒரு ஜவுளிக்கடை முதலாளி டிசைன் பார்க்க வருகிறாராம். அவருக்குப் பிடித்துவிட்டால் ஆடிக்கிருத்திகை வரை தறி நிற்காதாம்.

"அவர் எதிர்ல இது இப்டி தூங்கிகினு இருந்தா மானம் போயிடும் மாப்ள."

அப்போதுதான் சொன்னேன், அந்த வாக்கியத்தை. "நீங்க போய் ஒரு தூக்கம் போடுங்க மாமா" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

"ஏங்க, நெஜமாவே தெரியுமா?" என்று காதோரம் கேட்டாள் என் மனைவி ரேவதி. ஒரு விஞ்ஞானியின் பார்வையை அவள்மீது வீசினேன்.

உண்மையைச் சொல்லவேண்டும், முதல் பாதி நன்றாகத்தான் போயிற்று. கம்ப்யூட்டர் எழும்போதே கூடவே எழுந்து வழிமறிக்கும் புரோகிராம்கள் பதினேழு இருந்தன. எல்லாவற்றையும் நிறுத்தினேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு தலையணை தைக்கும் அளவுக்குப் பஞ்சு. அதையும் வாரினேன். இப்போது இரண்டே நிமிடத்தில் எழுந்து நின்றது. அங்கேயே கையைக் கழுவியிருக்கலாம். ஆனால் திரையின் மூலையில் குப்பைக்கூடை நிரம்பியிருந்தது. 'இந்த வீட்டில் குப்பையைக்கூட ஒருவரும் கொட்டுவதில்லை போலிருக்கிறதே' என்று காலி செய்தேன். அது இருந்த இடத்தையும், எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாதபடி, அதற்கென்று இருக்கும் மென்பொருளால் துடைத்தெடுத்தேன். (எதையும் அரைகுறையாகச் செய்வது என் பழக்கமில்லை.)

மாலை மாமனார் எழுந்துவந்து சுவிட்சைப் போட்டார். முகம் கழுவித் திரும்புவதற்குள் திரை தயார். "அடேங்கப்பா!" என்று அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் அந்தக் கூடையைத் திறந்தார்.

"மாப்ள, இதுல இருந்த டிசைனுங்கல்லாம் எங்க?"

"அது குப்பைக்கூடை மாமா."

"குப்பையா? தறி வீட்ல கூடைல போட்டா குப்பைங்களா? மிஞ்சின நூலெல்லாம் அதுலதான் போட்டு வச்சிகினு இருக்கோம். இழை அறுந்தா மொதல்ல அங்கதான கை போவும்? இதுலயும் அப்டித்தான். வேணும்னா எடுத்துக்குவேன், முடிஞ்சதும் திரும்பக் கூடைல போட்டுடுவேன்."

ஒவ்வொரு தறியின் காலடியிலும் நூல்கூடை இருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அதை இதுவரை யாரும் கொட்டியதில்லை. மாமனார் என்னைத் திட்டவில்லை, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டதுதான் விட்டேன், அவருடைய வேட்டிக்குள் விட்டுவிட்டேனே என்று நான் கூனிக் குறுகிப் போனேன்.

அத்தைதான் வழி சொன்னார். "டிசைன் போனா துணியுமா போச்சு? மாதிரிக்கு நெய்ஞ்ச லுங்கியெல்லாம் நம்ம சொந்தக்காரங்கதான கட்டிகினு இருக்காங்க? வாங்கியாந்தா உங்க மாமா இழை எண்ணிப் போட்டுக்குவாரு. அழிச்சவரே போயிட்டு வரட்டும்."

போனேன். முதல் வீட்டில் ரேவதியின் பெரியப்பா வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, கட்டியிருக்கற லுங்கியக் கொஞ்சம் அவுத்துக் குடுக்கறீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மாப்ள, கல்யாணத்துல செஞ்ச சீரு பத்தலீங்களா?"

ஒன்பது வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் இதே கேள்வி, இதே விளக்கம். தெருவே என் திண்டாட்டத்தை வேடிக்கை பார்க்க, தோளில் ஒன்பது லுங்கிகளோடு திரும்பினேன். மாமனார் எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. நீலத்தில் மஞ்சள் கட்டம், இருப்பதிலேயே நல்ல டிசைன். வீடு முழுக்கத் தேடிய அவர் பார்வை கடைசியில் என் இடுப்பில் வந்து நின்றது. மத்தியானம் மாற்றிக்கொள்ள அத்தை கொடுத்த லுங்கி. துண்டைக் கட்டிக்கொண்டு அதையும் அவிழ்த்துக் கொடுத்தேன்.

மறுநாள் வந்த முதலாளி, மாமனார் விடிய விடிய மறுபடி போட்டுவைத்த டிசைன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அந்த நீலத்தில்தான் விரலை வைத்தார். "இதி பாகுந்தி!" என்றார், 'இது நல்லாயிருக்கு' என்பதைத் தெலுங்கில். மாமனார் மானம் பிழைத்தது.

என் மானத்தைப் பற்றித்தான் இன்னும் முடிவாகவில்லை. இன்றைக்கும் நான் பொதட்டூர்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், டீக்கடையில் நிற்கும் ஆண்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

"எங்க ஊட்டு மாப்ள வர்றாரு! லுங்கியக் கெட்டியாப் புடிச்சிக்கோங்கடா!"

கத்துகிறவர் என் மாமனார்.