புளி போட்டு விளக்கிய கார்

நான் ஒரு காரைப் புளி போட்டு விளக்கியவன். இதை எங்கே சொன்னாலும் முதலில் யாரும் நம்புவதில்லை. பிறகு என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு நம்பிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கை விளக்குவோமே, அதே முறைதான். தேங்காய் நார், ஓர் உருண்டைப் புளி, முழங்கை வலிக்கும்வரை தேய்ப்பு. குத்துவிளக்கு என்றால் எங்கள் வீட்டுச் சொத்து, என்ன ஆனாலும் போகட்டும். கார் டாக்டருடையது. அதை என்னிடம் நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவர் என் அக்காவின் கணவர், கோவிந்தசாமி அத்தான்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஓட்டுநர் உரிமம் எடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. (மூன்றாம் முறையில் எடுத்தேன். முதல் இரண்டு முறைகளைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.) அத்தான் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மருந்தகம் வைத்து வைத்தியம் பார்த்த ஒரு தமிழ் டாக்டருக்குப் பதினோரு வருஷமாகக் காரோட்டி. பழைய காரை விற்றுவிட்டு டாக்டர் கப்பலில் புதுக் கார் தருவித்திருந்தார். கன்னங்கரேலென்று இருந்தது. அதன் கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம், நான் வாரியிருக்கிறேன். அந்தக் கார் வந்த மூன்றாம் வாரம் அத்தானுக்குக் குடலிறக்கம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வேறு ஆள் பார்க்கட்டுமா என்று டாக்டர் கேட்டபோது, என் மச்சான் இருக்கிறான், அவனுக்கு நான் பொறுப்பு என்று அத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவர் எனக்குக் காரோட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் கழுவுவதைப் பற்றி. வெயிலில் கழுவாதே. இஞ்சின் சூடாக இருக்கும்போது கழுவாதே. பீப்பாயில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர்தான், கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. கூரையிலிருந்து கீழே வா. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தானாகக் காயக் கூடாது. அதற்குள் தோல்துணியால் ஒற்றி எடுத்துவிடு. காய்ந்தால் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு பெயின்ட்டில் வட்டம் வட்டமாக உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எழுந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை மெழுகு. நான் தலையை ஆட்டினேன். குழந்தையைக் குளிப்பாட்டக்கூட இத்தனை சட்டம் கிடையாதே என்று மனதுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் எனக்கே என் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

ஒரு வாரம் ஒழுங்காகத்தான் போனது. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா, புதுக் காருக்கு இன்னும் பூஜை போடவில்லை, சிராங்கூன் ரோடு கோயிலுக்குப் போகலாம் என்றார். உச்சிக்கால பூஜை முடிந்து, கோயில் பக்கத்துச் சந்தில் காரை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஐயர் சந்தனப் பொட்டு வைக்க வந்தார். பெயின்ட்டில் வேண்டாம் சாமி, கண்ணாடியில் வையுங்கள் என்று நான் தடுத்தேன். அவ்வளவு விவரமாக இருந்தேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆரத்தி. மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்த அந்தச் சிவப்புத் தண்ணீரை டாக்டரம்மா காருக்கு மூன்று சுற்றுச் சுற்றி, தெருவில் கொட்டிவிடச் சொல்லித் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, ஐயரிடம் மகளின் ஜாதகம் பற்றிப் பேச உள்ளே போனார். தட்டும் கையுமாக நான் நின்றேன். மனிதர்களுக்கு ஆரத்தி எடுத்தால் அந்தத் தண்ணீரில் தொட்டு நெற்றியில் ஒரு பொட்டு வைத்த பிறகல்லவா கொட்டுவார்கள்? காருக்கு யாரும் வைக்கவில்லையே. அந்த ஒரு வாரத்தில் சிராங்கூன் ரோட்டில் அந்தக் காரை முறைத்துப் பார்க்காத கண் கிடையாது. பூக்கடைக்காரர், பால்காரர், கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் வெற்றிலை விற்பவர், எல்லோர் கண்ணும் பட்டிருக்கிறது. காருக்கு நெற்றி எது என்று யோசித்து, இஞ்சினுக்கு மேலிருக்கும் முன்மூடிதான் என்று முடிவு செய்து, விரலை நனைத்து ஒரு பொட்டு வைத்தேன். இவ்வளவு பெரிய நெற்றிக்கு ஒரு பொட்டு போதாது என்று தோன்றியது. மீதித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, அட்சதை போடுவது போல் முன்மூடி முழுக்கப் பக்தியோடு தெளித்தேன்.

வெயில் கொளுத்தியது. இரும்பு கொதித்தது. தோல்துணி பின்னிருக்கையில்தான் இருந்தது. ஒரு சொட்டும் தானாகக் காயக் கூடாது என்ற பாடமும் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் ஆரத்திப் பொட்டை வைத்த கையாலேயே அழிக்கலாமா? அபசகுனம் இல்லையா? அது தண்ணீருக்குச் சொன்னது, இது ஆரத்தி என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஜாதகப் பேச்சு முக்கால் மணி நேரம் நடந்தது.

டாக்டரம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு மருந்தகத்தின் பின்பக்கம் வந்து துடைத்தேன். சிவப்புப் போய்விட்டது. அதன் அடியில் நூறு நூற்றைம்பது வெள்ளை வட்டங்கள். காருக்கு அம்மை வார்த்தது போல் இருந்தது. ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன். மழை இல்லாமல் ஊரில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட சமயம் அது. அன்று மதியம் எங்கள் முறை இல்லை. பீப்பாய் மழைத் தண்ணீரோ டாக்டர் வீட்டில் இருந்தது. சுண்ணாம்பை எடுப்பது எது என்று யோசித்தேன். அப்போதுதான் அம்மாவின் குத்துவிளக்கு கண்ணில் தெரிந்தது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் போய்ப் புளியும் தேங்காய் நாரும் கேட்டேன். எதுக்குத் தம்பி என்றார் கடைக்காரர். விளக்கத்தான் என்றேன்.

வட்டங்கள் போயின என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று விடாமல் போயின. கூடவே கறுப்பும் போனது. முன்மூடியின் நடுவில் ஒரு வாழையிலை அகலத்துக்குச் சாம்பல் பூத்துக் கிடந்தது. நான் அழுதேன். அழுதுகொண்டே அதே கடைக்குப் போய்த் தேங்காயெண்ணெய் வாங்கி வந்து அதன்மேல் பூசினேன். பளபளவென்று ஆகிவிட்டது. அன்று மாலை டாக்டர் காரில் ஏறியதும், யாரோ அப்பளம் பொரிக்கிறார்கள் என்றார். ஆமாம் ஐயா என்றேன்.

மறுநாள் காலை அத்தானை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றதால், டாக்டர் தம் காரிலேயே போய் அழைத்துவரச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் அத்தான் ஒரு கையில் துணிமூட்டையோடு, மறுகையால் வயிற்றைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு காரைப் பார்த்தார். எண்ணெய்மேல் ஒரு ராத்திரித் தூசு முழுக்க அப்பியிருந்தது. கிட்டே வந்து விரலால் தொட்டு முகர்ந்தார்.

"தேங்காயெண்ணெயா?"

"ஆமா அத்தான்."

"அதுக்கு முன்னால?"

"புளி."

"அதுக்கும் முன்னால?"

"ஆரத்தி."

அவர் என்னைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரிப் படியில் மெதுவாக உட்கார்ந்துகொண்டார். டாக்டரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நீ சொன்னா உன்னை அனுப்பிடுவாரு, அவ்வளவுதான்லா. அவரு உன்னையா நம்பினாரு? என்னை நம்பி விட்டாரு. இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தச் சாவியக் கேப்பேன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தேய்த்தது டாக்டரின் காரை இல்லை, என் அக்கா வீட்டுச் சோற்றை. அன்று போல் நான் வெட்கப்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே மருந்தகத்துக்கு விடச் சொன்னார். நான் முந்தி இறங்கப் பார்த்தேன், கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். தையல் போட்ட வயிற்றோடு அவரே உள்ளே போய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் காத்திருந்த நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வெளியே வந்தார். முன்மூடியைக் குனிந்து பார்த்தார், விரலால் தட்டினார், நகத்தால் சுரண்டினார். என்ன போட்டாய் என்று என்னிடம் கேட்டார். வரிசையாகச் சொன்னேன். முதலில் சுண்ணாம்பு, பிறகு புளிப்பு, அதற்குமேல் நார், கடைசியில் எண்ணெய். இதை ஒரு மனுஷனுக்குச் செய்திருந்தால் அவன் செத்திருப்பான் என்றார். நோயாளிகள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார், காருக்காகவா எனக்காகவா தெரியவில்லை.

பிறகு டாக்டர் அந்தச் சாம்பலை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். பழைய காரை நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பதினோரு வருஷம் ஓடி, விற்ற அன்றும் புதிது போல இருந்த கார் அது.

"கோவிந்தசாமி, கறுப்புக் காருன்னா அது தானாவே பளபளன்னு இருக்கும்னுதான் இத்தனை வருஷமும் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

சாவியை என் கையிலிருந்து வாங்கி அத்தான் சட்டைப்பையில் அவரே போட்டார். ஒரு மாதம் வாளியைத் தூக்கக் கூடாது, தையல் பிரியும். அதுவரை கார் அழுக்காகவே ஓடட்டும், இவன் ஓட்டலாம், துணியைத் தொடக் கூடாது என்றார். அத்தான் சுவரோரம் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க மறுபடியும் நனைந்தது.

பெயின்ட் அடிக்கலாம் என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லியும் அத்தான் விடவில்லை. ஞாயிறுதோறும் அந்த வாழையிலைக்கு மட்டும் இரண்டு கை மெழுகு போட்டு, சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்கினார். கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் என்னை அறிமுகப்படுத்துவார்: "இவருதான் நம்ம மச்சான். பதினோரு வருஷம் நான் பாத்த வேலைக்கு ஒரே மத்தியானத்துல சர்டிபிகேட் எழுதிக் குடுத்தவரு." சபை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சென்ற ஆண்டு என் மகன் புதுக் கார் வாங்கினான். செங்காங்கில் அவன் அடுக்குமாடிக்குக் கீழே மருமகள் ஆரத்தி எடுத்தாள். அத்தானுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, பிடித்துத்தான் நடத்திக்கொண்டு வந்தோம். தட்டு மூன்றாம் சுற்று முடித்தபோது அவர் என் இரண்டு கைகளையும் தம் கைகளுக்குள் இறுகப் பிடித்துக்கொண்டார். மருமகள் தண்ணீரைக் கொண்டுபோய்ப் புல்லில் கொட்டிவிட்டு வரும்வரை விடவில்லை. எல்லோரும் சாமி கும்பிட்டார்கள், நான் மட்டும் கும்பிட முடியாமல் நின்றேன்.