என்னைக் கப்பலேற்றிய கடற்புறாக்கள்

இனி எவன் படகுக்கும் தார் பூச மாட்டேன் என்று அன்று காலை முடிவெடுத்தேன். கப்பல் தச்சன் விடுப்பில் வந்தால் ஓய்வெடுக்கக் கூடாதா? பக்கத்து வீட்டு அக்செலைக் கேட்டால் கூடாது என்பான். மாதக்கணக்கில் உப்புக்காற்று தின்றுவிட்டு வந்தவனை, கை சும்மாதானே இருக்கிறது என்று தினமும் கூப்பிடுகிறான். என் கை எங்கே சும்மா இருக்கிறது? அதில் பாதி செதுக்கிய நாரை அல்லவா இருக்கிறது.

மரப்பறவை செய்வது எனக்கு உயிர். என் மனைவி சிட்செலுக்கு அது தூசி. அலமாரியில் வாத்து, அடுப்படியில் ஆந்தை, தோட்டத்தில் கொக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மூக்கு குத்துகிறதாம்.

எங்கள் ஃபானோ தீவில் கடலோடிகள் வீட்டு ஜன்னலில் இரண்டு பீங்கான் நாய்கள் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரன் இருந்தால் அவை உள்ளே பார்க்கும். கப்பலேறிவிட்டால் தெருவைப் பார்க்கும். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்தவை நான் செதுக்கிய இரண்டு கடற்புறாக்கள். அவற்றைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பின்கட்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். எப்படி என் மூளை?

சற்று நேரத்தில் தார் வாளியோடு அக்செல் வந்தான்.

"என்னம்மா, மத்தியாஸ் சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டானா?"

சிட்செல் ஒரு நொடி ஜன்னலைப் பார்த்திருப்பாள். "ஆமாங்க. அவசரமா ஆள் அனுப்பிட்டாங்க. திரும்பி வர வருஷமாகும்."

கெட்டிக்காரி என்று கதவுக்குப் பின்னால் நின்று மெச்சிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மத்தியானம் தெருப் பெண்கள் ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள். காபி மணத்தது. எனக்காகச் சுட்டது என்று நம்பியிருந்த ஆப்பிள் கேக் அவர்கள் வாய்க்குப் போனது. அதுகூடப் பரவாயில்லை. ஒருத்தி என் வாத்தைப் புகழ்ந்தாள்.

"பிடிச்சிருக்கா? எடுத்துக்கோங்க" என்றாள் சிட்செல்.

அவர் கோவித்துக்கொள்ள மாட்டாரா என்று அந்தப் புண்ணியவதி கேட்கத்தான் செய்தாள்.

"கோவம் வந்தா வந்து சொல்லட்டுமே."

பின்கட்டைப் பார்த்துத்தான் சொன்னாள். சத்தியம் செய்வேன்.

கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. அப்போது பார்த்து அக்செலின் குரல். தோட்டத்துக் கொக்கைத் தூக்க அவன் மனைவி அவனையும் கூட்டி வந்திருந்தாள். வெளியே வந்தால், தாருக்குப் பயந்து சொந்த வீட்டிலேயே ஒளிந்தவன் என்று தீவே சிரிக்கும். சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். குளிர்காலமெல்லாம் விரல் விறைக்கச் செதுக்கிய கொக்கு அந்தப் பாவியின் தோளில் போனது. ஆந்தை போனது. ஒருத்தி குருவிக் குடும்பத்தையே ஏப்ரனில் அள்ளிக்கொண்டு போனாள்.

கூட்டம் கலைந்ததும் பாய்ந்து வந்தேன். சிட்செல் காலி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"அநியாயம்டி இது. நாளைக்கே வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்குறேன் பாரு."

"மெதுவாப் பேசுங்க. நடுக்கடல்ல இருக்கீங்க." துணியை உதறினாள். "மாடியில இருக்கிற பறவைங்களை ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் எங்கக்கா வந்து எடுத்துட்டுப் போறா. அதுக்கப்புறம் நீங்க கரையேறலாம்."

நான் ஏறிய கப்பலின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.